கோகிலா எழுதி வைத்த எண்கள்

குரோமியம் மாத்திரை சாப்பிட்டால் சர்க்கரை குறையுமா, மெக்னீசியம் நல்லதா, துத்தநாகம் சேர்த்துக்கொள்ளலாமா என்று நோயாளிகள் மருந்துக் கவுண்டரில் வந்து கேட்கிறார்கள், என்ன பதில் சொல்வது என்று இளைய மருந்தாளர்களான உங்களில் இரண்டு மூன்று பேர் எனக்குப் போனில் செய்தி அனுப்பியிருந்தீர்கள். சுருக்கமான பதில் உங்களுக்கே தெரியும். உடம்பில் மெக்னீசியம் குறைந்திருப்பவருக்கு அதைக் கொடுத்தால் கொஞ்சம் உதவலாம். குரோமியத்தையும் துத்தநாகத்தையும் பற்றி வந்த ஆய்வுகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. சிலருக்குச் சிறிது குறைகிறது, பலருக்கு ஒன்றும் தெரிவதில்லை. சிறுநீரகம் கெட்டவர்கள் தொடாமல் இருப்பதே நல்லது. எதுவானாலும் டாக்டர் எழுதிய மருந்துக்கு அது மாற்று ஆகாது. இதை ஒரு நிமிடத்தில் சொல்லி அனுப்பிவிடலாம். அரசாங்கக் கிளினிக்கில் மருந்தாளராக இருந்த முப்பத்திரண்டு வருடமும் நான் அப்படித்தான் சொல்லி அனுப்பினேன்.

கேள்வி அதோடு முடிவதில்லை என்று எனக்குக் காட்டியவர் கோகிலா. அது அவருடைய உண்மைப் பெயர் இல்லை. எனக்குப் பிரிவு உபசாரம் நடத்தியபோது அனுபவங்களைப் பேசச் சொன்னீர்கள். நான் உங்களைச் சிரிக்க வைத்த கதைகளாகப் பார்த்துச் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. போன மாதம் அவருடைய கணவரிடம் கேட்டேன். "எழுதுங்க சார், பேர மட்டும் மாத்திருங்க" என்றார். அதனால் எழுதுகிறேன்.

கோகிலா முதன்முதலில் என் அறைக்கு வந்தபோது அவருக்கு நாற்பத்து நான்கு வயது. தெப்ரா தொழிற்பேட்டையில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. கணவர் குணா தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ் ஓட்டுபவர். ஒரு மகள். தம்போயில் அடுக்குமாடி வீடு, நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கோகிலாவுக்கு ஆறு வருடமாக இனிப்பு நீர் எனும் சர்க்கரை நோய். இரண்டு வகை மாத்திரை சாப்பிட்டும், ஏழுக்குள் இருக்க வேண்டிய மூன்று மாதச் சர்க்கரை அளவு எட்டே முக்கால். இன்சுலின் ஊசி ஆரம்பிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைப் பற்றி விளக்கிச் சொல்ல என்னிடம் அனுப்பினார்கள்.

"லைன்ல நின்னுக்கிட்டு எங்க சார் ஊசி போடுறது?" என்று கேட்டார். "டாய்லெட் போறதுக்கே கார்டு வாங்கிட்டுத்தான் போகணும். சீனி இறங்கி மயக்கம் போட்டேன்னா பகல் ஷிப்டுலயே போட்டுருவாங்க. ராத்திரி அலவன்ஸ் போயிரும்."

பயந்து பேசவில்லை. தன் வேலை எப்படிப்பட்டது என்பதை எனக்குப் புரியவைக்கப் பார்த்தார். பார்க்க வெளிறிப் போயிருந்தார். ஷிப்டு வேலையால்தான் என்று நினைத்துக்கொண்டேன். மூன்று மாதம் அவகாசம் கொடுப்பது என்று டாக்டரும் நானும் பேசி முடிவு செய்தோம். சாப்பாட்டைக் கவனிக்க வேண்டும், மாத்திரையைத் தவறவிடக் கூடாது, வீட்டு மீட்டரில் வாரத்தில் நான்கு நாள் குத்திப் பார்த்து எழுதிக்கொண்டு வர வேண்டும். ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தேன். அவர் அதை வாங்கி, எந்தக் கட்டத்தில் எதை எழுத வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். வேலைக்கு வந்த புதிதில் நான் கோபக்காரன். சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் பெரியவர் ஏதோ ஒரு மூலிகைப் பாட்டிலைக் கொண்டுவந்து காட்டினார். வரிசையில் நின்ற எல்லார் முன்னாலும் ஏசிவிட்டேன். அதற்குப் பிறகும் அவர் அதைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார், எனக்குத்தான் காட்டுவதில்லை. கல்லீரல் வீங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து யார் என்ன பாட்டிலைக் கொண்டுவந்தாலும் சிரித்த முகத்தோடு வாங்கிப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். "அவர்கிட்ட காட்டலாம், ஏச மாட்டாரு" என்று நோயாளிகள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது என் காதில் விழும். எனக்கு அதில் பெருமை.

மூன்று மாதம் கழித்து கோகிலா வந்தார். ஆளே மாறியிருந்தார். முகத்தில் நிறம் வந்திருந்தது. குணாவும் பஸ் டிரைவர் சட்டையோடு கூட வந்திருந்தார். லேப் முடிவு என் மேசையில் இருந்தது. மூன்று மாதச் சர்க்கரை ஆறு புள்ளி ஒன்பது.

"ஊசி வேணாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க சார்," என்று உட்காருவதற்கு முன்பே சொன்னார். "இப்ப நாலு மாடியும் ஒரே மூச்சுல ஏறுறேன். முன்ன ரெண்டாவது மாடியில நின்னு மூச்சு வாங்கிட்டுத்தான் மேல போவேன்."

"என்ன செஞ்சீங்கம்மா?"

அவர் கைப்பையிலிருந்து ஒரு பழுப்பு நிறப் பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார். "எங்க லைன்ல வேலை செய்யிற அக்கா கொடுத்தாங்க. அவங்க வீட்டுக்காரருக்கு சீனி நல்லா இறங்கிருச்சாம். ரெண்டு வேளையும் சாப்பிடுறேன். ஏச மாட்டீங்கதானே?"

வாங்கிப் படித்தேன். இனிப்பு நீருக்கான தாதுச் சத்து என்று பெரிதாகப் போட்டிருந்தது. குரோமியம், மெக்னீசியம், துத்தநாகம். அளவுகளைப் பார்த்தேன், ஆபத்தில்லை. அவருடைய சிறுநீரகமும் நன்றாக இருந்தது. அந்த மூன்றுக்கும் கீழே இன்னும் சில வரிகள் இருந்தன. அவற்றிலும் என் கண் ஓடியது. ஓடியது, நிற்கவில்லை. சர்க்கரைக்குச் சம்பந்தமானதை மட்டும் தேடிக்கொண்டிருந்த கண்.

"டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தலையே?"

"ஒரு வேளை கூட விடல சார்."

"அப்ப சரி. இதையும் சாப்பிடுங்க, பரவாயில்லை."

அவர் எழுந்திருக்கவில்லை. புத்தகத்தை விரித்து என் பக்கம் திருப்பி வைத்தார். "ஒண்ணு கேக்கணும் சார். மீட்டர்ல மட்டும் ஏன் இன்னும் கூடவே காட்டுது?"

கட்டங்கள் ஒன்று விடாமல் நிரம்பியிருந்தன. காலையில் வெறும் வயிற்றில் ஏழுக்குள் இருக்க வேண்டிய அளவு பதினொன்று, பன்னிரண்டு என்று இருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு பதினான்கு, பதினைந்து. நேரமும் எழுதியிருந்தார். ஒரு நாள் இரண்டு முறை குத்திப் பார்த்து இரண்டையும் எழுதியிருந்தார்.

வெளியே கூடத்தில் நாற்பது பேராவது இருந்திருப்பார்கள். செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒருவர் தன் நம்பர் தாண்டிப் போய்விட்டது என்று கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"குத்துறதுக்கு முன்னாடி கை கழுவுறீங்களா?"

"கழுவித் தொடச்சிட்டுத்தான் சார்."

"ஸ்ட்ரிப் தேதி முடிஞ்சு போச்சா?"

"போன மாசம்தான் வாங்கினேன்."

"வெயில்ல, அடுப்புப் பக்கத்துல வச்சீங்களா?"

"இல்ல சார், அலமாரிக்குள்ள."

மூன்று கேள்வி, மூன்றுக்கும் சரியான பதில். நான்காவதாக ஒரு கேள்வி இருந்தது. அதை அவரிடம் அல்ல, என்னிடமே கேட்டிருக்க வேண்டும். இவர் சொல்வது சரியாக இருந்தால் லேப் எண் எப்படி வந்தது? அதைக் கேட்கவில்லை. என் கையிலிருந்த தாளில் நல்ல செய்தி இருந்தது. டாக்டருக்கு மகிழ்ச்சி, நோயாளிக்கு மகிழ்ச்சி, எனக்கு அடுத்த நம்பர்.

"லேப்தான் சரியான கணக்கும்மா. மூணு மாசத்தையும் சேர்த்துச் சொல்லும். உங்க மீட்டர் பழசாயிருக்கும், அதை நம்பாதீங்க," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கலகலப்பாகப் பேசி அனுப்புவது என் பழக்கம். "இல்ல, குத்துறதுக்கு முன்னாடி யாருக்கும் தெரியாம ஒரு லட்டு உள்ள போயிருதா?" என்று கேட்டுச் சிரித்தேன்.

குணாவும் சிரித்தார். "அப்படிக் கேளுங்க சார்! கேன்டீன்ல இவ என்ன சாப்பிடுறான்னு நான் பின்னாடியே போயா பார்க்க முடியும்?"

கோகிலா சிரிக்கவில்லை. புத்தகத்தை மூடிப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

இப்போது யோசித்தால் அந்தக் கேலிக்கு அர்த்தமே இல்லை. ஒளித்துச் சாப்பிட்டிருந்தால் லேப் எண்ணும் ஏறியிருக்க வேண்டுமே. இரண்டு எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஒன்று லேப்பிலிருந்து வந்தது, இன்னொன்று ஒரு தொழிலாளிப் பெண் கையால் எழுதியது. எதை நம்புவது என்று நான் யோசிக்கக்கூட இல்லை. எதற்காகத் தொழிற்சாலையில் அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்றாவது நினைத்துப் பார்த்திருக்கலாம். கருவி காட்டுவதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுவதற்குத்தான்.

அடுத்த முறை அவர் புத்தகம் கொண்டுவரவில்லை. கேட்டபோது, "அது எதுக்கு சார், லேப் நல்லாத்தானே இருக்கு," என்றார். வீட்டில் பரிசோதிப்பதில்லை என்று அவருடைய சிகிச்சைக் கார்டில் எழுதினேன். அந்த முறையும் ஏழுக்குக் கீழேதான். அதற்கடுத்த முறையும் அப்படியே. ஒருமுறை ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்து பாத்ரூம் போவதாகச் சொன்னார். சாயந்திரம் டீயைக் குறையுங்கள் என்றேன். இனிப்பு நீர்க்காரர் ஒருவர் அப்படிச் சொன்னால் முதலில் சர்க்கரை ஏறியிருக்கிறது என்றுதான் நினைக்க வேண்டும் என்று கல்லூரிப் பிள்ளை கூடச் சொல்லும். என் கண் முன்னால் லேப் எண் இருந்தது.

ஒன்றேகால் வருடம் இப்படியே போயிற்று.

பிறகு ஒரு நாள் கவுண்டரில் குணா நின்றார். தனியாக வந்திருந்தார். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மருந்துச் சீட்டை நீட்டினார். இரண்டு வகை இன்சுலின், கிருமிக்கு மருந்து, வலிக்கு மருந்து. நான் சீட்டைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தேன்.

"கால எடுத்துட்டாங்க சார்."

"யாருக்கு?" என்று கேட்டேன். பெயர் கையில் இருக்கும்போதே கேட்டேன்.

"இவளுக்குத்தான். வலது கால், முட்டிக்குக் கீழ. சேஃப்டி ஷூ கடிச்சு ஒரு கொப்புளம். வலிக்கலன்னு அப்படியே வேலைக்குப் போயிருக்கா. காய்ச்சல் வந்த பெறகுதான் தூக்கிட்டுப் போனோம். சேர்க்கும்போது சீனி இருபத்தெட்டு." குரலில் அழுகை இல்லை. கோபம்தான் இருந்தது. "வாயக் கட்டு, வாயக் கட்டுன்னு எத்தன தடவ சொல்லியிருப்பேன்? கேட்டாளா? உங்க லேப்பையே எப்படியோ ஏமாத்தியிருக்கா பாருங்க."

மூன்று வாரத்துக்கு முன்னால் எங்கள் லேப் கொடுத்த எண் ஆறு புள்ளி எட்டு.

அன்று மதியம் அவருடைய பழைய முடிவுகளையெல்லாம் எடுத்துக்கொண்டு கீழே லேப்புக்குப் போனேன். அங்கே பல வருடமாக வேலை செய்த ஒரு மலாய்ப் பெண்மணி இருந்தார். எல்லாரும் காக், அதாவது அக்கா, என்றே கூப்பிடுவோம். என் வயதுதான் இருக்கும். அதிகம் பேச மாட்டார். தாள்களைத் தேதி வாரியாக மேசையில் பரப்பினார். மூன்று மாதச் சர்க்கரையை அவர் பார்க்கவில்லை. முதல் முறை எடுத்த ரத்த அணுக்களின் முடிவில் விரலை வைத்தார்.

"இவருக்குச் சோகை இருந்திருக்கிறது. மோசமான சோகை. யாரும் பார்க்கவில்லையா?" என்று மலாயில் கேட்டார்.

கார்டைப் பார்த்தேன். 'அடுத்த முறை கவனிக்க' என்று டாக்டர் எழுதியிருந்தார். அடுத்த முறை பார்த்தது வேறு டாக்டர்.

"மாதவிலக்கு அதிகமா?"

"தெரியாது," என்றேன். ஆண் என்பதால் நான் கேட்கவில்லை. ஆணிடம் எப்படிச் சொல்வது என்று கோகிலாவும் சொல்லவில்லை.

"இரும்பு மாத்திரை சாப்பிட்டாரா?"

நாங்கள் கொடுக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் அந்தப் பாட்டில் நினைவுக்கு வந்தது. குரோமியம், மெக்னீசியம், துத்தநாகம். அதற்குக் கீழே என் கண் நிற்காமல் போன வரிகளில் ஒன்று இரும்பு. அதற்கும் கீழே, இரும்பை உடம்பு நன்றாக எடுத்துக்கொள்வதற்காக வைட்டமின் சி.

காக் மேலே விளக்கத் தேவையிருக்கவில்லை. எனக்குத் தெரிந்த பாடம்தான் அது, பரீட்சையில் எழுதியிருக்கிறேன். மூன்று மாதச் சர்க்கரை என்று நாம் சொல்வது ரத்தத்தின் சிவப்பணுக்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரையைத்தான். அணு பழசாகப் பழசாக அதில் சர்க்கரை சேரும். இரும்பு இல்லாதபோது பழைய அணுக்களே அதிக நாள் சுற்றிக்கொண்டிருக்கும், எண் கூடுதலாகக் காட்டும். இரும்பு கிடைத்ததும் புது அணுக்கள் திமுதிமுவென்று வரும். அவற்றில் சர்க்கரை ஒட்ட இன்னும் நேரமாகியிருக்காது. எண் இறங்கிவிடும். கோகிலாவுக்கு மாதாமாதம் ரத்தம் அதிகமாகப் போய்க்கொண்டே இருந்திருக்க வேண்டும், இரும்பும் வந்துகொண்டே இருந்தது. பழசு போய்ப் புதுசு வந்துகொண்டே இருந்த ரத்தம். சர்க்கரை குறையவே இல்லை, அதைச் சுமக்கும் அணுக்கள்தான் மாறின.

அந்தப் பாட்டில் அவரை ஏமாற்றியது என்று சொல்ல மாட்டேன். அவருக்கு இருந்த சோகையை அது உண்மையாகவே தீர்த்தது. நாங்கள் செய்யாததை அது செய்தது. அவர் நாலு மாடி ஏறியதும் பொய்யில்லை. அதனால்தான் எல்லாரும் நம்பினோம்.

"அவர் வீட்டு மீட்டர் என்ன காட்டியது?" என்று காக் கேட்டார்.

"பன்னிரண்டு. பதினான்கு."

"அப்படியானால் அதுதான் சரி." தாள்களை அடுக்கி என்னிடம் கொடுத்தார். "அன்றைக்கே என்னிடம் வந்து கேட்டிருக்கலாம். இருபது படிதான்."

தங்கைகளே, தம்பிகளே, உங்கள் கிளினிக்கில் லேப் எத்தனை படி தள்ளி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இரண்டு எண்கள் ஒத்துப்போகாத அன்றைக்கு, வெளியே எத்தனை பேர் கண்ணாடியைத் தட்டினாலும், அந்தப் படிகளில் இறங்குங்கள். பாட்டிலின் கடைசி வரி வரை படியுங்கள். குரோமியம் சர்க்கரையைக் குறைக்குமா என்று மட்டும் கேட்டுக்கொண்டு படிக்காதீர்கள், இந்தப் பாட்டில் இவருடைய உடம்பில் வேறு எதை மாற்றும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இதை நான் கற்றுக்கொண்டதற்கு இன்னொருவருடைய கால் போனது.

தலைமை டாக்டரிடம் போய் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். அவர் நல்லவர், உடனே மேலே அனுப்பினார். அதற்குப் பிறகு எங்கள் கிளினிக்கில் மூன்று மாதச் சர்க்கரையோடு சோகையும் பார்க்கப்பட்டது. வீட்டு எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று எழுத ஒரு கட்டமும் கார்டில் சேர்ந்தது. நோயாளியின் வீட்டுக்கு நீங்களாகப் போக வேண்டாம், முறைப்படி கடிதம் போகும் என்று எனக்குச் சொன்னார்கள். கூட வேலை செய்த ஒருவர் இன்னும் வெளிப்படையாகவே சொன்னார்: "அலமாக், நீ போய் வாயைக் கொடுக்காதே. கேஸாயிடும்."

கடிதம் போனது. இரண்டு பக்கம், மலாயில். முடிவுகளில் முரண்பாடு, பரிசோதனையின் வரம்பு என்று என்னென்னவோ எழுதியிருந்தது. தவறு ஒன்றும் இல்லாத கடிதம். யாருக்கும் ஒன்றும் புரிந்திருக்காது. அந்தக் கடிதத்துக்குப் பின்னால் நான் ஐந்து மாதம் ஒளிந்துகொண்டேன். ஒவ்வொரு மாதமும் குணா மருந்து வாங்க வருவார். நான் உள்ளே போய்விடுவேன், வேறு யாராவது கொடுப்பார்கள்.

ஒரு நாள் தப்பிக்க முடியவில்லை. கவுண்டரில் நான் மட்டும்தான் இருந்தேன். "எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன்.

"பேசுறதே இல்ல சார். நாலாவது மாடி ஏற முடியாதுன்னு பொந்தியான்ல அவ அக்கா வீட்டுல விட்டுருக்கேன். லீவு நாள்ல நான் போவேன். போனா சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா."

அந்தச் சனிக்கிழமை பொந்தியானுக்குக் காரை எடுத்துக்கொண்டு போனேன். யாரிடமும் கேட்கவில்லை. தாமான் குடியிருப்பு ஒன்றில் ஒரு தரை வீடு. அக்கா கதவைத் திறந்து, கிளினிக்கிலிருந்து வந்திருக்கிறார் என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு டீ போடப் போனார். கோகிலா முன் அறையில் நாற்காலியில் இருந்தார். மிகவும் இளைத்திருந்தார். மடியில் ஒரு துண்டு போட்டுக் காலை மறைத்திருந்தார்.

கார் ஓட்டிக்கொண்டு வரும்போது சொல்ல நினைத்ததெல்லாம் அந்த அறைக்குள் மறந்துபோயிற்று. "உங்க மீட்டர் சரியாத்தான் இருந்திச்சும்மா," என்றேன். "நீங்க எழுதினது எல்லாம் சரி. லேப் கணக்குதான் உங்க ரத்தத்துக்குப் பொருந்தல. நான் கண்டுபிடிச்சிருக்கணும். நீங்க கேட்டீங்க, நான் கவனிக்கல. தப்பு என்னுது."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சோகை, இரும்பு, புது ரத்தம் எல்லாவற்றையும் மெதுவாகச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். ஏசுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். ஏசினால் தேவலை என்று கூட இருந்தது.

"அப்ப நான் ஒளிச்சு வச்சு ஒண்ணும் சாப்பிடலைன்னு உங்களுக்குத் தெரியும்," என்றார்.

"தெரியும்."

"கேன்டீன்ல தினமும் ரெண்டு ரொட்டி, ஒரு முட்டை. அவ்வளவுதான் சார். பொறந்த நாளுக்குக் கேக் வெட்டினாங்கன்னா கூட நான் தொடல." குரல் அங்கேதான் உடைந்தது. "அவரு நம்பல. எம்மக நம்பல. ஆஸ்பத்திரியில நர்ஸ் கூட, 'அம்மா, இனிமேலாவது வாயக் கட்டுங்க'ன்னாங்க. கடைசில எனக்கே சந்தேகமாப் போச்சு. தெரியாம ஏதாவது சாப்பிட்டிருப்பேனோன்னு உக்காந்து உக்காந்து யோசிப்பேன்."

ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

"அவரு அஞ்சு மணிக்கு வருவாரு," என்றார். "இருந்து அவருகிட்ட சொல்லிட்டுப் போங்க சார். நான் சொன்னா நம்ப மாட்டாரு."

இரண்டரை மணி நேரம் இருந்தேன். அக்கா கொண்டுவந்து வைத்த டீ ஆறிப்போயிற்று. அந்த நேரத்தில் கோகிலா ஒரே ஒரு முறைதான் பேசினார். தன் இடத்துக்கு லைனில் யாரை எடுத்திருக்கிறார்கள் என்று தெரியுமா என்று அக்காவிடம் கேட்டார். அக்காவுக்குத் தெரியவில்லை.

குணா காய்கறிப் பையோடு வந்தார். என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டார், ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார். உட்காரச் சொல்லி மறுபடியும் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பாதி வரை தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பிறகு ஆட்டுவதை நிறுத்திவிட்டார்.

"அன்னைக்கு நீங்க சிரிச்சீங்களே சார்," என்றார்.

"ஆமா."

"நீங்க சிரிச்சதாலதான் நானும் சிரிச்சேன்."

தலை குனிந்தேன். அவர் எழுந்து காய்கறிப் பையைச் சமையலறைக்குக் கொண்டுபோனார். நெடுநேரம் வெளியே வரவில்லை. குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. வந்தபோது முகம் கழுவியிருந்தார். மனைவியின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கோகிலா அவருடைய தோளில் கை வைத்தார். நான் விடைபெறாமலே வெளியே வந்துவிட்டேன்.

அவர்கள் கேஸ் போடவில்லை. போட்டிருந்தால் நான் மறுத்திருக்க மாட்டேன். அதன் பிறகு மருந்து வாங்க வரும்போது குணா என்னைத் தேடி வந்து பேசுவார். கோகிலா மறுபடியும் மீட்டரில் பார்த்து எழுதுகிறார் என்றார். ஊசியைத் தானே போட்டுக்கொள்கிறார் என்றார். செயற்கைக் காலுக்கு அளவு எடுத்தார்கள். ஆனால் இதயம் அதற்குள் பழுதாகியிருந்தது. சர்க்கரை அத்தனை நாள் உள்ளே செய்த வேலை. அடுத்த வருடத்தில் ஒரு காலைப்பொழுதில், அக்கா வீட்டில், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார்.

சாவு வீட்டுக்குப் போயிருந்தேன். வெளியே கூடாரம் போட்டு நாற்காலி வைத்திருந்தார்கள். தொழிற்சாலையிலிருந்து ஒரு பஸ் நிறையப் பெண்கள் சீருடையோடு வந்திருந்தார்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் இருந்த ஒரு பெரியவர், உறவுக்காரராக இருக்க வேண்டும், பக்கத்தில் இருந்தவரிடம் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்: "நல்ல பொண்ணுதான். வாயத்தான் கட்ட முடியல. இனிப்பு நீர் வந்தா இப்படித்தான் லா."

மாலைகளை வாங்கி வைத்துக்கொண்டிருந்த குணாவுக்கு அது கேட்டுவிட்டது. அவர் திரும்பி வந்தார்.

"இல்ல மாமா," என்றார். "அவ ஒண்ணும் சாப்பிடல. லேப்ல வந்த கணக்குதான் தப்பு. அவளுக்கு ரத்தம் கம்மி. மாத்திரையில இரும்பு இருந்திச்சு, ரத்தம் புதுசு புதுசா ஊறிக்கிட்டே இருந்திச்சு. புது ரத்தத்துல சீனி ஒட்டாது. அதனால கம்மியாக் காட்டிருச்சு." பாடம் ஒப்பிப்பவர் போல ஒவ்வொன்றாகச் சொன்னார். எத்தனை பேரிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "அவ எழுதி வச்சதுதான் சரி."

பெரியவர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். துக்கத்தில் பேசுகிறார் என்று நினைத்திருப்பார். "யாருப்பா உனக்கு இப்படியெல்லாம் சொன்னது?" என்று கேட்டார்.

குணா பதில் சொல்லவில்லை. பின்வரிசையில் இருந்த என்னையும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்தார் போலும்.

நான் எழுந்து நின்றேன். "நான்தாங்க சொன்னேன்," என்றேன். "அந்தக் கிளினிக்கில மருந்து கொடுத்தவன் நான். இவங்க சரியாத்தான் எழுதினாங்க. நம்பாதது நான்தான்."

கூடாரத்தில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.